அகத்தி வெட்டிய வாரம்

வெற்றிலைக்கு இருட்டும் ஆகாது, வெயிலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிச்சம் இருக்கிறது. அதற்காகத்தான் கொடிக்காலில் அகத்தி வளர்க்கிறார்கள். வெற்றிலைக் கொடி அகத்தியைப் பிடித்து மேலே ஏறும், அகத்தி அதற்குக் குடை பிடிக்கும். அந்தக் குடையை எடுத்துவிட்டால் இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நான் செய்துகொண்டிருந்த வேலை. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. உறவுக்காரர்கள் விசாரித்தால் அம்மா "வெத்தலை ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றுவாள். வெற்றிலையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, மெல்ல வேண்டியதுதானே என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

ஆராய நிறையவே இருந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையை இலையில் தொடங்கிவைப்பது ருபிஸ்கோ என்ற நொதி. இலையில் அது ஏராளமாக இருக்கும், ஆனால் இருப்பதெல்லாம் வேலை செய்யாது. நிழலில் பெரும்பகுதி மூடிக் கிடக்கும். வெளிச்சம் கூடினால் இன்னொரு புரதம் வந்து அதைத் திறந்துவிடும். சில நிமிடங்களில் திறக்கும், மறுபடி நிழல் விழுந்தால் மெல்ல மூடிக்கொள்ளும். அலுவலகத்தில் நாற்காலி எத்தனை என்பது ஒரு கணக்கு, அதில் ஆள் இருக்கிறாரா என்பது வேறு கணக்கு. எனக்கு வேண்டியது இரண்டாவது. பறித்த அந்த நொடியில், இருந்த நொதியில் எத்தனை பங்கு திறந்திருந்தது?

அந்த நொடியைப் பிடித்து வைக்க ஒரே வழிதான். பறித்த கையோடு இலையைத் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். இலை அப்பளம் போல் விறைத்துக்கொள்ளும், உள்ளே எல்லாம் அப்படியே நின்றுவிடும். எங்களுக்கு நைட்ரஜன் கிடைத்தது கால்நடை மருத்துவ அலுவலகத்தில். காளைகளின் விந்தைக் குளிரில் வைப்பதற்காக அங்கே வருவதில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்வோம். அலுமினியக் குடுவையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "ஹாலா மேடம்?" என்பார். பாலில்லை என்று நான் சொல்வதற்குள் மூடியின் இடுக்கில் புகை வரும். அவர் இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே டிக்கெட்டை நீட்டுவார்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வெற்றிலை பிடிக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பீன்ஸைத் தொட்டியில் வளர்த்து, விளக்கடியில் வைத்து, விளக்கைக் கூட்டிக் குறைத்து வேலையை முடி என்பது அவர் கட்சி. என்னோடு சேர்ந்த சக மாணவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், அவர் எண்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. வெற்றிலையை அரைத்தாலோ சாறு டீ மாதிரி பழுப்பாகும், நொதி அந்தப் பழுப்பிலேயே செத்துவிடும். பழுப்பை உறிஞ்சும் ஒரு வெள்ளைப் பொடியைச் சேர்த்து அரைக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி வருடம் போய்விட்டது. "உனக்கு எளிதாக எதுவும் பிடிக்காதா?" என்று பேராசிரியர் கன்னடத்தில் கேட்டார். பிடிக்காது என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றும் அது சுருங்கியதாகத் தெரியவில்லை.

நான் போன கொடிக்கால் நஞ்சன்கூடு போகும் சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருந்தது. அதை வைத்திருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். ராமாபுரத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்த குடும்பம். நடவு, கவாத்து எல்லாம் அவர் பொறுப்பு. இலையை அடுக்கிக் கட்டுவது, கட்டுகளை மார்க்கெட்டுக்கு அனுப்புவது, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர் மனைவி பொறுப்பு. வாசல் படலுக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டுத் தமிழ் பாதி கன்னடம் கலந்த ஐயங்கார் தமிழ். அவர்கள் தமிழில் வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க' இருக்கும். நான் பேசுவதைக் கேட்டு அந்த அம்மா முதல் நாளே சிரித்துவிட்டார்.

"உள்ள வர்றதுக்கு இல்லீங்க அம்மணி. கொடியில லட்சுமி இருக்கா. பொம்பளைங்க போனா கொடி வாடிப்போயிருமுங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, அவுரு பறிச்சுட்டு வந்து குடுப்பாரு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சரியென்று படலருகே குடுவையோடு நின்றேன். அவர் பறித்து வந்து கொடுத்தார், நான் நைட்ரஜனில் போட்டேன். ஒரு பருவம் முழுக்க இப்படியே ஓடியது. எண்களைப் பார்த்தால் நிழல் இலையிலும் நொதி முக்கால்வாசி திறந்திருந்தது. பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற செடிகளிலிருந்து வெற்றிலை வேறுபடுகிறது, இதை எழுதலாம் என்றார். முதல் முறையாக என் வெற்றிலை அவருக்கு இனித்தது. எனக்கு என்னவோ நெருடிக்கொண்டே இருந்தது. நிழலில் முக்கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு அந்த இலை என்ன செய்யப்போகிறது?

நெருடியது என்ன என்பது ஒருநாள் கண்ணெதிரே நடந்து வந்தது. கொடிக்கால்காரர் இலைகளைக் கொண்டுவந்தார், தாம்பாளத்தில். வெற்றிலையை வெறும் கையில் கொடுப்பது மரியாதையில்லை. கவிழ்த்து வைப்பதும் கூடாது. ஆகவே ஒவ்வோர் இலையையும் முகம் மேலே பார்க்க, காம்பு ஒரே பக்கம் இருக்க, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வைத்து, கொடிக்காலுக்கும் படலுக்கும் இடையே இருந்த வெட்டவெளியில், மார்ச் மாத வெயிலில், வழியில் ஆள்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நிதானமாகக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அத்தனை நேரமும் அந்த இலைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெயில் காய்ந்திருக்கின்றன. நொதி திறக்க அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது. ஒரு பருவம் முழுக்க நான் அளந்தது நிழல் இலையை அல்ல, அவருடைய மரியாதையை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுத வேண்டாம் என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. சக மாணவரை உள்ளே அனுப்பு, அவர் ஆண்தானே, குடுவையை எடுத்துக்கொண்டு கொடியருகிலேயே போட்டு வரட்டும் என்றார். அறிவியல்படி அதில் ஒரு குறையும் இல்லை. சக மாணவரும் கெட்டவரல்ல, கேட்டிருந்தால் வந்திருப்பார். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அந்த அம்மாவோடு இலை அடுக்கக் கற்றுக்கொண்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பல வாரங்கள் கழித்து அம்மி நகர்ந்தது.

"செரி, செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க. ஆனா அந்த நாளுல மட்டும் வந்துறாதீங்க. நான் கேப்பேன், உள்ளது சொல்லோணும்."

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் படலருகே அந்தக் கேள்வி இருந்தது. "இன்னைக்கு வர்ற நாளுங்களா?" ஆள்காரர்கள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே காது கொடுத்திருப்பார்கள். வர்ற நாள்தான் என்று சொல்லும்போது எனக்குக் காதெல்லாம் எரியும். எங்கள் வீட்டில் அம்மா இந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். மூன்று நாள் மூலையில் உட்கார்ந்தால் சமைப்பதற்கு ஆளில்லை, அதனால் விட்டாள். வீட்டில் இல்லாத சட்டத்துக்கு ஊர் எல்லையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் முறையாக உள்ளே போனேன். வெளியே கண் கூசும் வெயில், இரண்டடி உள்ளே வைத்தால் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கியது போல் இருந்தது. அகத்தி இலை பொடிப்பொடியாக இருப்பதால் வெயில் துண்டு துண்டாக விழும், காற்றடித்தால் இடம் மாறும். ஓர் இலையின் மேல் ஒரு வெயில் துண்டு வந்து உட்காரும், எழுந்து போகும். அந்தத் துண்டு வந்தபின் நொதி திறக்கிறது, போனபின் மூடுகிறது. அங்கேயே நைட்ரஜனில் போட்டு எடுத்துவந்து அளந்ததில் நிழல் இலையின் எண்கள் பாதிக்கும் கீழே இறங்கின. சந்தோஷமாக இருந்தது. எண் குறைந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

இனி முக்கியமான பகுதி மட்டும் பாக்கி. மழைக்கு முன்னால், வருடத்தில் ஒருமுறை, அகத்தியின் கிளைகளை வெட்டிவிடுவார்கள். மேகமூட்ட மாதங்களில் கொடிக்கு வெளிச்சம் போதாது என்பதற்காக. வெட்டிய கணம் குடை போய்விடும். பிறந்ததிலிருந்து நிழலைத் தவிர வேறொன்றும் அறியாத இலை முழு வெயிலில் நிற்கும். கிளை விழுந்த உடனே, கொஞ்ச நேரம் கழித்து, நடுப்பகலில், பிறகு நாள்தோறும் இலை எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய இலைகளுக்கெல்லாம் நூல் கட்டி வைத்திருந்தேன். என் உதவித்தொகை அடுத்த வருட வெட்டுவரை நீடிக்காது. பேராசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருடம் தவறினால் வெற்றிலை சக மாணவருக்குப் போகும், உள்ளே போவதில் அவருக்குத் தடையில்லை. அரைப்பதும் அளப்பதும் நான் செய்யலாம். கட்டுரையில் என் பெயரும் இருக்கும், இரண்டாவதாக.

ஒரு திங்கட்கிழமை மாலை கொடிக்கால்காரர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து துறைக்குப் போன் செய்தார். நாளைக் காலை வெட்டு. வானம் கருக்கிறது, ஆள் கிடைத்திருக்கிறது.

மறுநாள் காலை எழுந்தபோது எனக்கு மாதவிலக்கு வந்திருந்தது. நாள் கணக்குப்படி வரவேண்டிய நேரமே இல்லை.

சமையலறையில் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாணலியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அதுக்கென்ன இப்போ? வர்ற நாள்தான்னு சொல்லிட்டுப் போயேன். யார் வந்து பார்க்கப் போறா? சும்னே ஏண்டி ரகளை பண்ணிண்டு நிக்கறே?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஏன், நீ பொய்யே சொன்னதில்லையா? மூணு வருஷமாச் சொந்தக்காராள்ளாம் கேக்கறா, இதோ முடிஞ்சுடும் முடிஞ்சுடும்னு சொல்லிண்டிருக்கியே, அது என்ன?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. பொய் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் சுலபம். மாதவிலக்கானவள் நடந்தால் கொடி வாடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மழை தொடங்கினால் வேர் அழுகல் வரும் என்பதும் தெரியும். எல்லா வருடமும் எங்காவது ஒரு மூலையில் வருவதுதான். வந்தால் அது ஒரு பூஞ்சை போன்ற கிருமியின் வேலை என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். எழுதிக்கொண்டே, அன்று நான் போனதாலோ என்று ஒரு கணம் நினைத்துவிடுவேனோ? அந்த ஒரு கணத்துக்குத்தான் பயந்தேன். அந்த அம்மாவின் நம்பிக்கை என்னிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது வெட்கமாக இருந்தது. அதைவிட, உள்ளதைச் சொல்வேன் என்று அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, ஒப்புக்கொண்டது நான்தான்.

குடுவையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் அரிவாளோடு ஏறிவிட்டிருந்தார்கள். சாலையோரத்துப் பக்கம் கிளைகள் விழுந்துகொண்டிருந்தன. அந்த அம்மா வழக்கம் போல் கேட்டார். நான் வழக்கமில்லாத பதிலைச் சொன்னேன்.

"இன்னைக்கு வர்ற நாள் இல்லீங்க."

அவர் என் குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பறம் எதுக்குங்க இத்தத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"வேற எங்க போறதுன்னு தெரியலை" என்றேன். கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன். அழுகையாக வந்துவிட்டது. சில நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்க வாய் வரவில்லை, ஆட்கள் ஏறிவிட்ட பிறகு யார் நிறுத்துவார்கள்? இந்த வெட்டு போனால் வேலை என் கையைவிட்டுப் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். யாருக்குப் போகும் என்றார். கூடப் படிக்கிற ஓர் ஆணுக்கு என்றேன்.

அந்த அம்மா மடியிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டு எழுந்து, படலுக்கு அருகே போய், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க! இங்க வந்துட்டுப் போங்க!"

அவர் வந்தார். இருவரும் தள்ளி நின்று பேசினார்கள். அவர் தலையை ஆட்டுவதும், அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதும், இந்த அம்மா விடாமல் கையை நீட்டி வாய்க்கால் பக்கத்தைக் காட்டுவதும் தெரிந்தது. ஆட்களை இன்னொரு நாள் கூப்பிட வேண்டும், அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் ஏற முடியாது. அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. கடைசியில் என்னிடம் வந்தார்.

"வாய்க்கால் ஓரத்து ரெண்டு வரிசைய விட்டுப்போடறோம் அம்மணி. சனிக்கெழம வெட்டிக்கலாம். மழ வந்துச்சுன்னா எம்மேல பழி சொல்லப்படாது."

"உங்க நூல் கட்டுன கொடி அங்கயும் இருக்குதில்லீங்க?" என்றார் அந்த அம்மா.

இருந்தது. அன்று முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, உள்ளே கிளைகள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இலை அடுக்கினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொடியின் மேல் வெயில் இறங்குவது எனக்குத் தெரிந்தது, பார்க்க முடியவில்லை. நன்றியும் ஆத்திரமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்காக மழையோடு பந்தயம் கட்டிய அதே மனிதர்கள்தான் என்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். எது பெரிது என்று இன்றுவரை முடிவுகட்டவில்லை.

மழை சனிக்கிழமைவரை பொறுத்தது. படலருகே கேள்வி வந்தது, பதில் சொன்னேன், செருப்பைக் கழற்றினேன். வாய்க்கால் ஓரத்தில் கிளை விழுந்ததும் நூல் கட்டிய இலைகளை எடுக்கத் தொடங்கினேன். நொதி நினைத்தபடியே சில நிமிடங்களில் திறந்தது. ஆனால் நடுப்பகல் சூட்டில், அதைத் திறந்துவைக்கும் புரதமே சோர்ந்துபோய் எண்கள் சரிந்தன. திறப்பதற்கு அந்த இலைகளில் பெரிதாக இருப்பும் இல்லை, நிழலில் வளர்ந்தபோது அவ்வளவுதான் சேர்த்து வைத்திருந்தன. வாங்கிக்கொள்ள முடியாத வெயில் இலையை வெளுக்க வைத்தது. பக்கத்திலேயே செவ்வாய்க்கிழமை வெட்டிய வரிசைகள். அதே வானம், அதே வேளை, அங்கே வெயில் பழகத் தொடங்கிய இலைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி என் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. வாரங்கள் போனபின் வெயிலில் பிறந்த புது இலைகள் சின்னதாக, தடிப்பாக வந்தன. அவற்றில் நொதி நிறைய இருந்தது. மார்க்கெட்டில் அவற்றை யாரும் விரும்பவில்லை, காரம் அதிகம் என்றார்கள்.

மழைக்குப் பின் வேர் அழுகலும் வந்தது. சாலையோரத்து மூலையில், நான் அந்த வாரம் மிதிக்காத இடத்தில். "வருசா வருசம் வர்றதுதானுங்க" என்றார் அந்த அம்மா. நான் பெருமூச்சு விட்டேன். அவர்கள் நஷ்டத்தில் எனக்கு நிம்மதி வந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியாது.

ஆய்வேட்டில், இரண்டு வரிசைகள் பின்னால் வெட்டப்பட்டன என்று மட்டும் எழுதினேன். காரணம் எழுதவில்லை, பேராசிரியரும் கேட்கவில்லை. என்ன காரணம் என்று அவர் ஊகித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வாய்மொழித் தேர்வு துறையின் அரங்கில் நடந்தது. ஜன்னல்களைச் சாத்தி ஸ்லைடு போட்டோம். சக மாணவர் கடைசி வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தலையசைக்கும்போதெல்லாம் ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், எதையும் விட்டுவைக்காதவர். வெட்டியதில் ஏன் இந்த இடைவெளி, முன்கூட்டியே திட்டமிட்டதா என்று கேட்டார்.

"இல்லை சார். பெண்கள் மாதவிலக்கு நாளில் அந்தத் தோட்டத்துக்குள் போகக்கூடாது. வெட்டு நடந்த அன்று எனக்கு மாதவிலக்கு."

என் பேராசிரியர் தன் கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். தேர்வாளர் அசையவில்லை.

"உள்ளே அனுப்ப வேறு ஆளே இல்லையா?"

"இருந்தார் சார்."

"பிறகு ஏன் அனுப்பவில்லை?"

"அனுப்பியிருந்தால் இன்று இங்கே அவர் நின்றுகொண்டிருப்பார். நான் அங்கே ஸ்லைடு மாற்றிக்கொண்டிருப்பேன்."